எண்ணுக்கு முன்னால் அளவு

சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே பல வீடுகளில் சோறு சப்பாத்தியாகவும் கேழ்வரகுக் கஞ்சியாகவும் மாறிவிடுகிறது. சோற்றுக்குக் கிளைசெமிக் குறியீடு அதிகம் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-ல் வெளியிட்ட குறியீடு இது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவை வெறும் வயிற்றில் தனியாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றும் அளவை 100 என வைத்து ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு; 70-ம் அதற்கு மேலும் அதிகம். சிக்கல் அந்த 50 கிராமில்தான் இருக்கிறது. சோற்றில் அது 180 கிராமுக்குள் வந்துவிடும். தர்ப்பூசணியிலோ 650 கிராமாவது தின்றாக வேண்டும். பல பட்டியல்களில் இரண்டுமே ‘அதிகம்’ என்ற வரிசையில் நிற்கின்றன.

அதனால் குறியீட்டை, சாப்பிடும் மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்கும் ‘கிளைசெமிக் சுமை’யையே நான் பெரிதாக மதிக்கிறேன். குறியீடு 70 என்று வைத்தால், அந்த 180 கிராம் சோற்றின் சுமை 35. தேடிப்பிடித்து 60 உள்ள அரிசி வாங்கினாலும் 30-க்குத்தான் இறங்கும். வழக்கமான சோற்றையே பாதியாகக் குறைத்தால் 17.5. கோதுமையும் கேழ்வரகும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் செரித்து, சர்க்கரையை வேகமாகவே ஏற்றும்.

அப்படியானால் குறியீடே வேண்டாமா? வேண்டும், ஒரே அளவு மாவுச்சத்துள்ள இரண்டு உணவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கைகாட்டுவது அதுதான். ஆனால் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஐஸ்கிரீமுக்கும் குறைந்த எண் கிடைத்துவிடுகிறது. எண் குறைந்ததெல்லாம் நல்லுணவு அல்ல. பாதிச் சோற்றில் பசி அடங்காது என்பது நியாயமான கவலை. குறைந்த இடத்தைப் பொரியல், கூட்டு, முட்டை, மீன் ஆகியவற்றால் நிரப்பலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்து உணவைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏற்றம் குறைவதை அமெரிக்காவின் வெயில் கார்னெல் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறுவிதமாக ஏற்றுவதால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்ப்பது எந்தப் பட்டியலையும்விடத் தெளிவாகச் சொல்லும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.