வளைந்து வரும் ஒளியும் சந்திரசேகரும்

இலண்டன் பிக்கடில்லியில் ஓவியக் கண்காட்சிகளுக்குச் செல்லும் நம்மவர் பேர்லிங்ரன் மாளிகையின் முற்றத்தை அறிவர். 1919 நவம்பர் 6ஆம் நாள், விண்மீன்களின் ஒளி சூரியனருகே வளைந்து வருகின்றது என்னும் செய்தி அம்மாளிகையிலேயே அறிவிக்கப்பட்டது. ஐன்ஸ்ரைனின் கொள்கைக்குச் சான்றான அவ்வளைவைக் கிரகணத்தின்போது அளந்தவர்களுள் ஒருவர் ஆர்தர் எடிங்ரன்.

1935 ஜனவரி 11இல் அங்கு கூடிய அரச வானியற் கழகத்தின் முன், சென்னையிற் கற்று வந்த 24 வயதுத் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தமது கணிப்பை வைத்தார். எரிந்தடங்கிய விண்மீனின் திணிவு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை மிஞ்சினால் அது வெண்குறுமீனாக நிலைத்திராது என்றார் அவர். அடுத்தெழுந்த எடிங்ரன், அவ்வாறாயின் அது ஒடுங்கி ஒடுங்கி ஒளியும் வெளியேற இயலாத நிலையை அடையுமே, இயற்கை அதற்கு இடந்தராது என்று எள்ளி நகையாடினார். அவையும் சிரித்தது. கருந்துளையைச் சரியாக வருணித்துவிட்டு அதனை மறுத்தார் அப்பேரறிஞர்! சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவிற் குடியேறினார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

இதற்கிடையில், 1979இல், மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் வால்ஷும் தோழர்களும் அருகருகே தெரிந்த இரு குவாசார்கள் உண்மையில் ஒன்றே எனக் கண்டனர். பெருங் கருந்துளையை நோக்கி விழும் பொருள் வெம்மையுற்று ஒளிர்வதே குவாசார். இடையில் நின்ற விண்மீன் மண்டலமொன்றின் ஈர்ப்பு, ஒளியை வளைத்து இரண்டாக்கியிருந்தது. ஓர் உருவிற் காணும் மாற்றம் மற்றையதில் ஏறத்தாழ 417 நாட்கள் பிந்தியே தெரியும். ஒரே நாளில் இரு வழிகளால் அனுப்பிய கடிதங்கள் வெவ்வேறு மாதங்களில் வந்து சேரக் கண்ட நமக்கு இது விளங்காததன்று.

குவாசாரின் எக்ஸ் கதிர்கள் கருந்துளைக்கு மிக அண்மையிற் பிறப்பவை. புவியின் வளிமண்டலம் அவற்றை மறித்துவிடுவதால் தொலைநோக்கி விண்ணிற்குச் செல்லவேண்டும். 1999 ஜூலை 23இல் நாசா ஏவிய அத்தகைய தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர். அப்பெயருக்குரியவர் 1995இலேயே மறைந்துவிட்டார்.

அது நோக்கிய குவாசார்களுள் ஒன்று, சுமார் 600 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்.எக்ஸ். ஜே1131. ஈர்ப்பு வில்லை அதனை நான்காகப் பிரித்து, ஒளியையும் பெருக்கித் தந்தது. கருந்துளையைச் சூழ்ந்த வட்டிலிற் பட்டுத் தெறித்த கதிர்களில் இரும்பணுக்களின் அடையாளம் எவ்வளவு சிதைந்திருந்தது என ஆராய்ந்தோர், அக்கருந்துளை ஏறத்தாழ ஒளியின் அரைப்பங்கு வேகத்திற் சுழல்வதாக 2014இல் வெளியிட்டனர்.

இடைப்பட்ட மண்டலத்தின் தனி விண்மீன்களும் சிறு வில்லைகளாகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பத்திரிகைமீது நகர்த்தினால் ஓரெழுத்தே பருத்துத் தெரியும். முழுப்பக்கம் பெரிதும் மாறாது. அவ்வாறே குவாசாரின் கட்புல ஒளியைவிட எக்ஸ் கதிர்களே கூடுதலாக ஏறி இறங்கின. அவை பிறக்குமிடம் அத்துணைச் சிறிது என்பதை இவ்வழியாலேயே கண்டனர். எந்தத் தொலைநோக்கியாலும் அச்சிறு பரப்பை நேரிற் பிரித்துக் காண இயலாது.