சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது: பழைய காரின் குறையைக் கண்டறிதல்

இரவில் பிரசவ வலி கண்ட தாயை இறக்காமத்திலிருந்து கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ கொண்டு செல்ல, அயலில் நிற்கும் பழைய கார் ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. காணியும் கருவிகளும் இழந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு, இருக்கும் காரைப் பேணுவதே வழி.

ஆனால் அந்தக் கார் காலையில் கிளம்பும், மாலையில் மறுக்கும். மெக்கானிக் வந்தால் நல்ல பிள்ளைபோல் ஓடும். பிறகு ஊகத்தின்பேரில் நகையை அடகு வைத்துப் பற்றரி வாங்குகிறோம். குறை அப்படியே இருக்கிறது. இந்த வீண்செலவைத் தவிர்க்கச் சில வழிகளை இங்கே தருகிறோம். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். பிற பழைய பெற்றோல் கார்களுக்கும் இவற்றிற் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு கொப்பி

கிளம்பாத ஒவ்வொரு முறையும் நேரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடா குளிரா, என்ன சத்தம் கேட்டது என்று எழுதுங்கள். ஐந்தாறு முறை எழுதியதும் குறை எந்தப் பக்கம் என்பது தெரியவரும்.

1. ஸ்டார்ட்டர் சுழலாவிட்டால்

முன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். லைட் முற்றாக அணைந்தால் பற்றரி முனை தளர்ந்திருக்கிறது அல்லது பூத்திருக்கிறது. கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டியையும் அவ்வாறே செய்யுங்கள். லைட் மங்கினால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டரின் பல் சிக்கியிருக்கிறது. திறப்பை அணைத்து, மூன்றாம் கியரில் போட்டு, பிரேக்கை விட்டு, காரை முன்னும் பின்னும் அசைத்தால் சிக்கிய பல் விடுபடும். லைட் பிரகாசமாகவே இருந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டரில் பாயவில்லை. சுவிச்சையும் ஸ்டார்ட்டர் பிரஷ்ஷையும் பாருங்கள்.

நல்ல பற்றரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். பழைய மைனர்கள் பலவற்றில் நேர்முனையே எர்த் ஆகும். பற்றரியை மாற்றும்போது இதைக் கவனியுங்கள்.

2. சுழன்றும் தீப்பற்றாவிட்டால்

திறப்பைப் போட்டதும் மின்சாரப் பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் ஓய வேண்டும். அடிக்காவிட்டால், திருப்புளிப் பிடியால் பம்பை மெல்லத் தட்டுங்கள். அப்போது அடித்தால் அதன் உள்ளிருக்கும் பொயின்ற் தேய்ந்துவிட்டது. ஓயாமல் வேகமாக அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் காற்று புகுகிறது.

பெற்றோல் வருகிறதென்றால் தீப்பொறியைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி சுமார் 0.64 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

3. சூட்டிலும் மழையிலும்

ஓடி நிறுத்திய பின் கிளம்பாமல், அரைமணி ஆறியதும் கிளம்பினால், சூட்டில் பழுதாகும் கொண்டென்சரையோ கொயிலையோ சந்தேகியுங்கள். கொண்டென்சர் மலிவானது. அதை முதலில் மாற்றிப் பாருங்கள். மாரிகாலக் காலைகளில் மட்டும் மறுத்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால் மூடியை மாற்ற வேண்டும்.

4. எரிபொருளில் கலப்படம்

1990களில் எரிபொருள் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாண மக்கள், சிறிது பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே போத்தலில் வாங்கிய பெற்றோலைப் போட்டபின் காலையில் மட்டும் தொல்லை தந்தால், மண்ணெண்ணெய் கலந்திருக்கக்கூடும்.

கவனம்

பற்றரியைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். அருகில் சிகரெட் கூடாது. பெற்றோல் சிந்திய இடத்தில் தீப்பொறி சோதிக்க வேண்டாம். சோதிக்குமுன் காரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குறை என்பது தெரியாமலே போகும். கராஜுக்குப் போனால் கொப்பியைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக் கார் சொல்லாததை அது சொல்லும். பல குடும்பங்கள் நம்பியிருக்கும் காரென்றால், கொப்பியைக் காருக்குள்ளேயே வையுங்கள். யார் ஓட்டினாலும் எழுதட்டும். நள்ளிரவில் யாராவது கதவைத் தட்டும்போது, அந்தக் கார் கிளம்ப வேண்டும்.