தொலைவிலிருந்து ஒரு சுவிட்ச்

2021 அக்டோபர் 4. இந்தியாவில் இரவு 9 மணி தாண்டியிருந்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றுபோயின. 6 மணி நேரம் ஆகியும் அவை முழுதாக எழவில்லை. இத்தனைக்கும் எந்த டேட்டா சென்டரும் தீப்பிடிக்கவில்லை, கரன்ட்டும் போகவில்லை. அவற்றை எட்டும் வழிதான் அறுந்திருந்தது.

நடந்தது இதுதான். உலகெங்கும் உள்ள ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் பேக்போன் நெட்வொர்க்கின் கொள்ளளவைப் பார்க்க, வழக்கமான பராமரிப்பின்போது ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது எல்லா இணைப்புகளையும் சேர்த்து இறக்கிவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க ஒரு தணிக்கை மென்பொருள் இருந்தது, அதிலும் பிழை. டேட்டா சென்டர்களோடு பேச முடியாமல் போன டி.என்.எஸ். சர்வர்கள் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்பவை), தங்கள் முகவரி அறிவிப்புகளை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன.

டேட்டா சென்டர் என்றதும் சர்வர் வரிசைகளுக்கு நடுவே இன்ஜினீயர்கள் நடமாடுவதாகத் தோன்றும். பெரிய டேட்டா சென்டர்களின் ஹால்களில் பெரும்பாலான நேரம் ஆளே இருப்பதில்லை. நிர்வாகம் நடப்பது தொலைவிலிருந்து. அதைச் சாத்தியமாக்குவது, சர்வரின் மதர்போர்டில் இருக்கும் பி.எம்.சி. என்ற சிறிய சிப். அதற்குத் தனி பிராசஸர், தனி மெமரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். சர்வரை ஆஃப் செய்தாலும் ஸ்டாண்ட்பை கரன்ட்டில் அது விழித்தே இருக்கும். நள்ளிரவில் ஒரு சர்வர் ஹேங் ஆனால், டியூட்டியில் இருப்பவர் வீட்டு லேப்டாப்பிலிருந்து பி.எம்.சி.க்குள் நுழைகிறார். உறைந்த திரை அப்படியே தெரிகிறது. பவரை நிறுத்திவிட்டு மறுபடி போடுகிறார். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைய, பயாஸ் வரிகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. மெமரி அதிகமுள்ள சர்வர் என்றால் இதற்கே சில நிமிடங்கள் பிடிக்கும்.

1998-ல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. நிறுவனங்கள் சேர்ந்து இந்தத் தொலைநிர்வாகத்துக்கு ஐ.பி.எம்.ஐ. என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தன. 2015-ல் அதற்கு அடுத்த தலைமுறை வரையறையாக ரெட்ஃபிஷ் வந்தது. இத்தனை அதிகாரம் உள்ள வாசலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2017-ல் பார்த்தோம். ஹெச்.பி.ஈ. நிறுவன சர்வர்களின் பி.எம்.சி.யான ஐ.எல்.ஓ. 4-க்கு அனுப்பும் கோரிக்கையின் ஒரு பகுதியில் ஆங்கில ‘ஏ’ எழுத்தை 29 முறை அடித்தால், பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டுச் சரிசெய்தார்கள். ஆனாலும் பி.எம்.சி.யை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மன்னிக்க முடியாத அலட்சியம் அது.

வாடிக்கையாளர் போக்குவரத்து ஓடும் பாதையிலேயே நிர்வாகமும் ஓடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதற்காகத்தான் ‘அவுட் ஆஃப் பேண்ட்’ என்ற தனி நெட்வொர்க். ஃபேஸ்புக்கில் அன்று அதுவும் விழுந்துவிட்டது. இன்ஜினீயர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டடத்துக்குள் நுழையவே கடும் பாதுகாப்பு. உள்ளே போன பிறகும், ஒருவர் கைவைத்து எளிதில் மாற்ற முடியாதபடி வடிவமைக்கப்பட்ட ரவுட்டர்கள். அந்தக் காவலைக் குறை சொல்ல முடியாது. தினமும் தாக்குதலைச் சந்திக்கும் நிறுவனத்துக்கு அது வேண்டும்.

பேக்போன் மீண்டது. அடுத்த சிக்கல் மின்சாரம். வேலை இல்லாததால் டேட்டா சென்டர் ஒவ்வொன்றிலும் மின் பயன்பாடு பல பத்து மெகாவாட் அளவுக்கு இறங்கியிருந்தது. எல்லாரையும் ஒரே நொடியில் உள்ளே விட்டால் அத்தனை மெகாவாட்டும் சட்டென்று ஏறும். கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு மங்குகிறதே, அந்தத் திடீர் இழுப்பை ஒரு சிறு நகரத்தின் அளவுக்கு எண்ணிப் பாருங்கள். மின் அமைப்புகளே ஆபத்துக்குள்ளாகலாம். எனவே சேவைகளைப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள்.

அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு 2017 மே 27 உதாரணம். ஹீத்ரோ அருகே பிரிட்டிஷ் ஏர்வேஸின் டேட்டா சென்டரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதைவிடப் பெரிய சேதம், கட்டுப்பாடில்லாமல் திரும்பக் கொடுத்தபோது ஏற்பட்டதாகத் தாய் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி வில்லி வால்ஷ் விளக்கினார். சுமார் 75,000 பயணிகள் தவித்தார்கள்.

மின்சுமையை அடக்குவதில் ஃபேஸ்புக் கற்றுக்குட்டி அல்ல. அதன் டைனமோ அமைப்பு ஒவ்வொரு சர்வரின் மின் பயன்பாட்டையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்டு வாங்கும். ஒரு பிரேக்கர் எல்லையை நெருங்கினால், முன்னுரிமை குறைந்த வேலைகளின் சர்வர்களை மெதுவாக்கிச் சுமையைக் குறைக்கும். 6 மாதங்களில் 18 மின்துண்டிப்புகளை இப்படித் தவிர்த்ததாக 2016-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

2021-ன் அந்த இரவில் ஃபேஸ்புக்குக்குக் கைகொடுத்தது ‘புயல்’ ஒத்திகை. ஒரு சேவையையோ, டேட்டா சென்டரையோ, ஒரு வட்டாரம் முழுவதையுமோ வேண்டுமென்றே நிறுத்தி மீட்டுப் பார்க்கும் பயிற்சி அது. பல ஆண்டுகளாகச் செய்துவந்ததால், சுமையைக் கவனமாக ஏற்றும் வித்தை இன்ஜினீயர்களுக்குக் கைவந்திருந்தது. ஆனால் உலகளாவிய பேக்போன் மொத்தமாகப் போவது போல் ஒரு புயலை அதுவரை நடத்தியதே இல்லை என்று நிறுவனத்தின் உள்கட்டமைப்புத் தலைவர் சந்தோஷ் ஜனார்தன் மறுநாள் எழுதினார். இனி அதற்கும் ஒத்திகை பார்க்க வழி தேடுவதாகவும் சொன்னார்.