கடல் சாமந்தியும் பம்பின் வாயும்

கடல் சாமந்திக்கு இதயம் கிடையாது. செவுள் கிடையாது, இரத்தமும் கிடையாது. பெயரில் பூ இருந்தாலும் அது ஒரு விலங்கு. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவு. அதன் உடலுக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான். இரை உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த வாய் வழியாகத்தான். வாயை ஒட்டி நுண்மயிர்கள் அடர்ந்த ஒரு பள்ளம் உள்ளே இறங்குகிறது. அந்த மயிர்கள் ஓயாமல் அசைந்து கடல்நீரை உள்ளே தள்ளுகின்றன. உள்ளே நிறைந்த நீரின் அழுத்தம்தான் உடலை நிமிர்த்தி நிறுத்துகிறது. எலும்பு செய்ய வேண்டிய வேலையை நீர் செய்கிறது. மன்னார் வளைகுடாவில் கை அகலத்துக்கு மேல் விரிந்து கிடக்கும் கடல் சாமந்தி, ஆபத்து என்று தெரிந்ததும் நீரை வெளியேற்றிவிட்டு உருண்டையாகச் சுருங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட உயிர் எப்படி மூச்சு விடுகிறது? தோல் வழியாகத்தான். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தோலைக் கடந்து உள்ளே செல்கிறது. அம்மோனியா போன்ற கழிவு வெளியே கசிகிறது. ஆனால் எந்தப் பரப்பையும் ஒட்டி, கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். சுற்றியுள்ள நீர் தேங்கி நின்றால் அந்தப் படலம் தடிக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோக, புதியது வந்து சேர நேரமாகிறது. சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் இருந்தும், தோலை ஒட்டிய இடத்தில் பஞ்சம். நீர் அசைந்தால் படலம் மெலிகிறது, மூச்சு எளிதாகிறது. கடல் சாமந்திக்கு நீரோட்டம் எதற்கு என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். மிதந்து வரும் இரையைக் கொண்டுவருவதும், உடலில் படியும் கோழையையும் தூசியையும் அடித்துச் செல்வதும் அடுத்த பதில்கள்.

இதைக் கடல் சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன் நன்றாகவே அறிந்து வைத்திருப்பதுபோல் நடந்துகொள்கிறது. பகலில் கடல் சாமந்தியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் தருகின்றன. இரவில் அந்த வரவு நின்றுவிடும். அப்போது கோமாளி மீன் கடல் சாமந்தியின் கொட்டும் கரங்களுக்கு நடுவே புகுந்து, துடுப்பை அசைத்து, திரும்பித் திரும்பி நீரைக் கலக்குகிறது. செங்கடலில் வாழும் கோமாளி மீனையும் அதன் கடல் சாமந்தியையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. இரண்டும் தனித்தனியே இரவில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் கூட்டிப் பார்த்தால் வரும் அளவைவிட, சேர்ந்து இருக்கும்போது 1.4 மடங்கு அதிகம் எடுத்துக்கொள்வதாக அதில் தெரியவந்தது. தங்க இடம் கொடுத்த உயிருக்கு மீன் இரவெல்லாம் விசிறி வீசுகிறது.

வீட்டுத் தொட்டியில் இந்த அசைவை நாம்தான் உண்டாக்க வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன் அதைக் கையால் செய்திருக்கிறார்கள். 1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார் அன்னா தின் என்ற பெண்மணி. கடல்நீருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, திறந்த ஜன்னல் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றி அந்த நீருக்குக் காற்றேற்றினார்கள். நாள்தோறும் இந்த வேலையைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண்.

இன்று அந்த வேலையைப் பம்பு செய்கிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. கடல் சாமந்தி இருந்த இடத்திலேயே இருக்கும் உயிர் அல்ல. அதன் பாதம் ஒரு தசைத் தட்டு. அதன் ஒரு விளிம்பு மெல்ல எழும்பி, முன்னே நீண்டு, கல்லைப் பற்றுகிறது. பின்விளிம்பு தளர்ந்து வந்து சேர்கிறது. மணிக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஓர் இரவில் தொட்டியின் மறுமுனைக்குப் போய்விடலாம். வெளிச்சம் போதவில்லை, நீரோட்டம் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடும். புதிதாக வந்து சேர்ந்த நாட்களில் இந்த அலைச்சல் அதிகம். சில நேரம் பாதத்தை விடுவித்துக்கொண்டு நீரோடு மிதக்கவும் செய்யும். மிதப்பது பம்பின் பக்கம் வந்தால், அதன் விசிறியை மூடியிருக்கும் கூண்டின் இடுக்கு வழியே ஒரு கரம் உள்ளே போகிறது. சுழலும் விசிறி அதைப் பிடிக்கிறது. அதைத் தொடர்ந்து உடலும் இழுபடுகிறது. கிழிந்த திசு தொட்டியெங்கும் பரவி அழுகும்போது அம்மோனியா ஏறி, மற்ற மீன்களும் செத்துப்போகலாம்.

அப்படியானால் பம்பின் வேகத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் மூச்சுக்குத் தட்டுப்பாடு. இந்தச் சிக்கலுக்கு இயற்பியலில் அழகான விடை இருக்கிறது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் பாய்ந்து வெகுதூரம் போகிறது. உறிஞ்சும்போதோ எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பம்பும் அப்படித்தான். நீரைத் தள்ளும் பக்கத்தின் வீச்சு நீளமானது; உறிஞ்சும் பக்கத்தின் பிடி வாயருகே மட்டும்தான் பலமானது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு நீர் சுழலட்டும் என்பார்கள். 20 மடங்கு என்றால் மணிக்கு 4,000 லிட்டர். நொடிக்குச் சுமார் 1.1 லிட்டர். இந்த நீர் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது என்று கொண்டால், உறிஞ்சும் புள்ளியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் அதன் வேகம் நொடிக்கு 88 செ.மீ. 10 செ.மீ. தள்ளிப் போனால் 0.9 செ.மீ. கூட இல்லை. தூரம் பத்து மடங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிறது. ஆக, கடல் சாமந்தியைக் கொல்வது பம்பு அனுப்பும் நீரின் அளவு அல்ல. அந்த நீர் முழுவதும் ஒரு சிறிய வாய்க்குள் நெருக்கியடித்து நுழையும் வேகம்தான் கொல்கிறது.

வழியும் அதிலிருந்தே பிறக்கிறது. வாயை அகலமாக்க வேண்டும். 5 செ.மீ. ஆரமுள்ள ஃபோம் உருண்டை ஒன்று உறிஞ்சும் பக்கத்தைச் சுற்றி மூடியிருந்தால், அதே 4,000 லிட்டரும் அதன் மேற்பரப்பில் நொடிக்குச் சுமார் 3.5 செ.மீ. வேகத்தில் நுழையும். கடல் சாமந்தி வந்து சாய்ந்தாலும் தன்னை விடுவித்துக்கொள்ளக்கூடிய வேகம் அது. வெறும் வலைமூடி இந்தக் காவலைத் தராது. கண்ணிகள் பெரிதாக இருந்தால் கரம் நுழையும். பம்பின் வாயோடு ஒட்டியிருந்தால் வேகமும் குறையாது.

ஃபோமைப் போட்டதோடு வேலை முடியவில்லை. மீன் கழிவும் பாசியும் துளைகளை அடைக்க அடைக்க, மிச்சமிருக்கும் துளைகள் வழியே நீர் வேகமெடுக்கிறது. தொட்டிக்குள் நீரோட்டம் குறைகிறது, மோட்டார் சூடாகிறது. வாரம் ஒருமுறை கழற்றி, தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் பிழிந்து அலச வேண்டும். மாற்று ஃபோம் ஒன்று கைவசம் இருந்தால், பம்பின் வாய் ஒரு நிமிடம்கூடத் திறந்திருக்காது.

கரண்ட் போகும் நேரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். நின்றுபோன பம்பு கடல் சாமந்திக்கு ஒரு பாறைதான். இடுக்கைக் கண்டால் அதில் கரத்தையோ பாதத்தையோ நுழைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் விசிறி சுழலும். இரை போடுவதற்காக நாமே பம்பை நிறுத்திவைக்கும் வேளையிலும் இதே ஆபத்து உண்டு. தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற துணைத் தொட்டியை வைத்து, பம்பை அங்கே மாற்றியவர்களுக்கு விசிறிப் பயம் குறைவு. ஆனால் நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவின் பல்லிடுக்கில் கடல் சாமந்தி போய் அடைத்துக்கொண்டால் நீர் கீழே இறங்காமல் வீட்டுத் தரையில் கொட்டும். அதற்காக இரண்டாவது வடிகுழாய் ஒன்று வேண்டும்.

நீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைப்போலவே, எப்படி ஓடுகிறது என்பதும் முக்கியம். ஒரே திசையில் பீய்ச்சி அடித்தால் கரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடல் சுருங்கி, கடைசியில் இடம் பெயரும். பம்பைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிவைத்தாலோ, எதிரெதிரே இரண்டு பம்புகளை மாறி மாறி ஓடவிட்டாலோ ஓட்டம் உடைந்து, பவளப் பாறையில் அலை வந்து திரும்புவதுபோல் நீர் போய்வரும். கரங்கள் எல்லாப் பக்கமும் நிதானமாக அலைந்தால் அந்த இடம் அதற்குப் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். பிடித்த இடத்தில் இருக்கும் கடல் சாமந்தி நடப்பது அரிது. எல்லாக் காவலிலும் சிறந்த காவல் அதுதான்.

இத்தனை சிரத்தை தேவையா என்று கேட்பவர்களுக்கு எடின்பரோவில் வாழ்ந்த ‘கிரானி’ பதில் சொல்லும். சர் ஜான் கிரகாம் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து எடுத்துவந்த கடல் சாமந்தி அது. கண்ணாடிச் சாடியில், மாற்றி ஊற்றிய கடல்நீரில் வாழ்ந்தது. டாலியல் 1851இல் இறந்தார். கிரானி கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. வளர்ப்பவரைவிட அதிக காலம் வாழக்கூடிய உயிரை ஒரு கவனக்குறைவால் ஒரே இரவில் இழப்பது பெரிய அநியாயம். ஆகவே கடல் சாமந்தியைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கு முன் தொட்டியில் நீரை உறிஞ்சும் வாய்களை ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாவற்றையும் ஃபோமால் மூடுங்கள். பிறகு மெல்லிய நூல் ஒன்றை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு ஃபோமின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நூல் இறுக ஒட்டிக்கொண்டால் வாய் இன்னும் அகலமாக வேண்டும்.