மாட்டு ஊசியும் மலபார் ஹில்லும்

மும்பையில் கோடீஸ்வரர்களே விலை கேட்டுத் தயங்கும் இடம் மலபார் ஹில். அங்கே 50 ஏக்கருக்கும் மேல் மரமடர்ந்து கிடக்கிறது டூங்கர்வாடி. பார்சிகள் தங்கள் இறந்தவர்களைப் பறவைகளுக்கு ஒப்படைக்கும் தக்மாக்கள் இங்கேதான் இருக்கின்றன.

பிணத்தைச் சுட்டால் தீ தீட்டாகும், புதைத்தால் மண் தீட்டாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. தக்மா, கூரையில்லாத வட்டக் கல்மேடை. சுற்றிலும் உயரமான சுவர். வெளிவட்டத்தில் ஆண்கள், அடுத்து பெண்கள், உள்வட்டத்தில் குழந்தைகள். நடுவே ஒரு கிணறு. வெயிலில் வெளுத்த எலும்புகள் அதற்குள் போகும்; ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே கிணறுதான். வெள்ளை உடுத்திய உறவினர்கள், ஒரே கைக்குட்டையை இருவர் இருவராகப் பிடித்தபடி பாடையின் பின்னே நடப்பார்கள். நாயைக் கொண்டுவந்து இறந்தவர் முகத்தைப் பார்க்க வைக்கும் சடங்கும் உண்டு. தக்மாவுக்குள் பிணம் சுமக்கும் நசசாலர்கள் மட்டுமே போகலாம். பெற்ற பிள்ளையானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சிலருக்கு உடல் கூசும். திபெத்திலோ எலும்பையும் இடித்து, வாற்கோதுமை மாவில் பிசைந்து கழுகுக்கு வைக்கிறார்கள். மண் உறைந்து கிடக்கும், விறகும் அரிதான ஊர். உடலையே கடைசி தானமாகக் கொடுக்கிறார்கள். அவ்வளவு ஏன், பிணத்தை வெறுமனே இட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை நம் மணிமேகலையும் சொல்கிறது. முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை.

1990களில் இந்தியாவெங்கும் பாறுக் கழுகுகள் செத்து விழுந்தன. காரணம் 2004-ல்தான் பிடிபட்டது: மாட்டுக்கு வலி போகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. தக்மாவில் பாறுகளால் சில மணி நேரத்தில் முடிந்த காரியம் மாதக்கணக்கில் இழுத்தது. வெயிலைக் குவிக்கும் சாதனங்களை வைத்துப் பார்த்தார்கள். மும்பை மழையில் அவை எதற்கு ஆகும்?

2015-ல் வொர்லி மயானத்தில், தகனத்தைத் தேர்ந்தெடுக்கும் பார்சிகளுக்குப் பிரார்த்தனைக் கூடம் திறந்தார்கள். பழமைவாதிகள் இன்றும் அதை ஏற்கவில்லை. ஆனால் பார்சித் தொழிலதிபர்களான, 2022-ல் சைரஸ் மிஸ்திரிக்கும் 2024-ல் ரத்தன் டாடாவுக்கும் வொர்லியில்தான் தகனம் நடந்தது.

கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை அரசு 2006-ல் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போகவே, 2015-ல் அவற்றையும் நிறுத்தியது. தமிழ்நாட்டில் பாறுகளின் முக்கியப் புகலிடம் மோயாறு பள்ளத்தாக்கு. மாடு வைத்திருப்பவர்களே, வலிக்கு ஊசி என்றால் டாக்டரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். பாறுகளுக்கு அதனால் கெடுதல் இல்லை.