பிறையில் புதிய வீடமைப்பு: வாய்ப்பும் வரம்பும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. சிறியதாக இருந்தாலும் சொந்த வீட்டில் வாழ வேண்டும் என்பது பெரும்பாலான குடும்பங்களின் ஆசை. ஒரு கடலோர நகரில் புதிய வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் சாலையோரத்தில் விளம்பரப் பலகைகள் எழுகின்றன. மாதிரி வீடு திறக்கப்படுகிறது. வார இறுதியில் மக்கள் குடும்பத்தோடு சென்று பார்க்கிறார்கள். ஆனால், ஒரு திட்டம் வெற்றி பெற்றதா என்பது அந்த நாளில் தெரிவதில்லை. கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆன பிறகு, மாலை நேரத்தில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால்தான் தெரியும். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

பிறை, பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், பிறை ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ளது. 1800-ஆம் ஆண்டில் இந்தக் கடலோரப் பகுதி கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறை வட்டாரத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும் பயிரிடப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை இரயில் பாதை இணைக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனுக்குச் செல்லும் பயணிகள் பிறையில் இரயிலிலிருந்து இறங்கிப் படகேறினர். 1967-இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

அதன் பின்னர்ப் பிறையின் முகம் மாறியது. மலாயவாத்தா எஃகு ஆலை இங்கு இயங்கத் தொடங்கியது. அதன் உலைகளுக்கு ரப்பர் மரத்தின் கரி எரிபொருளாகப் பயன்பட்டது. பால் தந்து முடிந்த மரங்கள் எஃகு உருக்க உதவின. 1969-இல் அமைக்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம், 1970-களில் பிறையில் தொழிற்பேட்டையையும் அதனை அடுத்து செபராங் ஜெயா புதுநகரையும் உருவாக்கியது. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அப்பாலம் பெருநிலத்தைத் தொடும் இடம் பிறையே. இதனால் தீவில் வேலை செய்பவர் பெருநிலத்தில் வீடு வாங்கி வாழும் வழக்கம் பரவியது.

இந்த மாற்றத்தில் தமிழர்களுக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. தோட்டத்திலும் இரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் முதலாளியோ நிர்வாகமோ தந்த குடியிருப்புகளில்தான் வாழ்ந்தனர். வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போனது. 1950-களிலும் 1960-களிலும் நாட்டின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பல குடும்பங்கள் ஒரே நாளில் வருமானத்தையும் கூரையையும் இழந்தன. ஆகவே, ஒரு தொழிலாளர் குடும்பம் சொந்த வீடு வாங்குவது வசதிக்காக மட்டுமன்று; இனி யாரும் தங்களை வெளியேறச் சொல்ல முடியாது என்ற உறுதிக்காகவும்தான். அந்த உறுதியே கடன் சுமையாக மாறிவிட்டால் ஏற்படும் இழப்பு பெரிது.

ஒரு புதிய வீடமைப்புத் திட்டத்தின் எதிர்காலத்தை நான்கு கேள்விகளைக் கொண்டு மதிப்பிடலாம். அங்கே வாழப்போகிறவர்கள் யார்? அவர்களால் எவ்வளவு விலை கொடுக்க முடியும்? ஒரே நேரத்தில் எத்தனை வீடுகள் விற்பனைக்கு வருகின்றன? அந்த நிலம் வீடு கட்ட ஏற்றதா?

முதல் கேள்விக்குப் பிறையில் நல்ல விடை உண்டு. தொழிற்பேட்டைகளும், துறைமுகமும், நெடுஞ்சாலையும் அருகில் இருப்பதால் வேலைக்காக வருபவர்கள் குறைவதில்லை. தீவில் நிலம் குறைவு. அதனால் அங்கு வீட்டு விலை உயர்ந்துள்ளது. பெருநிலம் அந்த நெருக்கடிக்கு ஒரு வடிகாலாக அமைகிறது. 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தின் 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களில் பாதிக்கும் அதிகமானோர் செபராங் பிறையில்தான் வாழ்கின்றனர். இருப்பினும், பாலத்தை நம்பி வீடு வாங்குபவர் நேரத்தையும் கணக்கிட வேண்டும். 2019 முதல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பாலக் கட்டணம் இல்லை. ஆனால், காலை நெரிசலுக்கு விலக்கு இல்லை.

இரண்டாம் கேள்வி விலையைப் பற்றியது. ஒரு வீட்டின் விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் அதனைக் கட்டுப்படியான விலை எனக் கொள்ளும் அளவுகோல் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. மலேசியாவில் கசானா ஆய்வுக் கழகமும் இதனைப் பயன்படுத்தியுள்ளது. 2022-இல் மலேசியாவின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 6,338 ரிங்கிட். அதாவது, பாதிக் குடும்பங்கள் இதற்குக் குறைவாகவும் பாதிக் குடும்பங்கள் அதிகமாகவும் ஈட்டின. அந்த நடுக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 76,056 ரிங்கிட். அதன் மூன்று மடங்கு ஏறக்குறைய 228,000 ரிங்கிட்.

மாதம் 5,000 ரிங்கிட் ஈட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர். மனைவி கடையில் பணிபுரிபவர். மூன்று மடங்கு அளவுகோலின்படி அவர்களுக்கு ஏற்ற விலை 180,000 ரிங்கிட். ஆனால், அவர்கள் விரும்பும் வீட்டின் விலை 300,000 ரிங்கிட். முன்பணமாக 10 விழுக்காடு, அதாவது 30,000 ரிங்கிட், செலுத்தி, மீதம் 270,000 ரிங்கிட்டை 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 1,200 ரிங்கிட் வரும். இது தாங்கக்கூடிய தொகையாகவே தோன்றும். ஆனால், 35 ஆண்டுகளில் வங்கிக்குச் செலுத்தும் மொத்தத் தொகை 500,000 ரிங்கிட்டைத் தாண்டும். கடன் வாங்கும்போது கணவனுக்கு வயது 30 என்றால், அது தீரும்போது 65. தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதோ 60. வழக்கறிஞர் கட்டணம், மின்சாரம், குடிநீர், மதிப்பீட்டு வரி, கார்க் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றையும் இதே சம்பளம்தான் தாங்க வேண்டும்.

இதனால்தான் மலிவு விலை வீடுகள் தேவைப்படுகின்றன. பினாங்கில் குறைந்த விலை வீட்டின் உச்ச விலை 42,000 ரிங்கிட் எனவும், நடுத்தரக் குறைந்த விலை வீட்டின் உச்ச விலை 72,500 ரிங்கிட் எனவும் நெடுங்காலம் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. கட்டுமானச் செலவு உயர உயர, அந்த விலையில் வீடு கட்டுவது மேம்பாட்டாளருக்கு இலாபம் தருவதில்லை. அதிக விலை வீடுகளில் கிடைக்கும் இலாபத்தால்தான் அந்த இழப்பு ஈடு செய்யப்படுகிறது. ஆகவே, ஒரு திட்டத்தில் எத்தகைய வீடுகள் எந்த விகிதத்தில் கட்டப்படுகின்றன என்பது மேம்பாட்டாளரின் கணக்கையும், யார் அங்கு குடியேற முடியும் என்பதையும் முடிவு செய்கிறது.

மூன்றாம் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது. பெருநகரில் 500 வீடுகள் ஒரே ஆண்டில் விற்பனைக்கு வந்தால் சந்தை அதனை எளிதில் உள்வாங்கும். சிறிய சந்தையில் அவ்வாறு நடப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று திட்டங்கள் ஒரே நேரத்தில் முடிவடைந்தால் வீடுகள் தேங்கும். கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பின்னும், விற்பனைக்கு விடப்பட்டு ஒன்பது மாதங்களுக்கு மேல் விற்காமல் கிடக்கும் வீடுகளை மலேசியாவில் ‘தேங்கிய வீடுகள்’ எனக் கணக்கிடுகின்றனர். முதலீட்டுக்காகச் சிலர் வாங்கிப் பூட்டி வைக்கும் வீடுகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவை விற்ற வீடுகள்தாம். ஆனால், அங்கு விளக்கு எரிவதில்லை. ஆள் இல்லாத வரிசையில் கடை நடத்த முடியாது, பேருந்தும் வராது, புல் வளர்ந்து திருட்டுப் பயமும் கூடும்.

பிறைக்கு ஒரு போட்டியாளரும் உண்டு. தெற்கே பத்து காவானில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பண்டார் காசியா என்ற புதுநகரை வளர்த்து வருகிறது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த அப்பகுதியில் 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. தொழிற்பூங்காவும் பெரிய கடைகளும் அதனைத் தொடர்ந்தன. அங்கு வீடுகளோடு வேலையும் சாலையும் சேர்ந்தே வந்தன என்பதே கவனிக்கத்தக்கது. ஆயினும் பத்து காவானிலும் பிறையிலும் விற்கப்படும் வீடுகள் பெரும்பாலும் ஒரே வகைக் குடும்பங்களையே எதிர்பார்க்கின்றன. ஓரிடத்தில் வீடுகள் பெருகினால் மற்றோரிடத்தில் விற்பனை மந்தமாகக்கூடும்.

நான்காம் கேள்வி நிலத்தைப் பற்றியது. செபராங் பிறையின் கடலோர நிலம் தாழ்வானது. பல இடங்களில் மென்மையான களிமண் ஆழமாகப் படிந்துள்ளது. எனவே, வீட்டின் அடித்தளத்திற்கு நீண்ட தூண்களை மண்ணுக்குள் இறக்க வேண்டியுள்ளது. தூண்களின் மேல் அமர்ந்த வீடு அசையாமல் நிற்கும். தூண்கள் இல்லாத வாசலும் சாலையும் கால்வாயும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழும். சில ஆண்டுகளில் வீட்டுக்கும் முற்றத்துக்கும் இடையே பிளவு தோன்றும். கடல் பெருக்கும் கனமழையும் ஒன்றாக வரும்போது மழைநீர் கடலில் வடிய வழியின்றித் தேங்கும். 2017-ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளம் இதனைப் பலருக்கும் உணர்த்தியது. எனவே, வெள்ளநீர்த் தேக்கக் குளம், அகலமான கால்வாய், நீர் இறைக்கும் நிலையம் ஆகியவை வீடமைப்புத் திட்டத்தின் அலங்காரங்கள் அல்ல, அதன் உயிர்நாடி. தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே போதிய இடைவெளி விடுவதும் பிறை போன்ற நகரில் இன்றியமையாதது.

வீடு வாங்குபவரைச் சட்டமும் பாதுகாக்கிறது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மேம்பாட்டாளர் உரிமமும் விளம்பர அனுமதியும் பெற வேண்டும். தரை வீட்டை ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள்ளும், அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களுக்குள்ளும் ஒப்படைப்பது சட்டம் வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின் விதி. தாமதமானால் இழப்பீடு தர வேண்டும். சாவி பெற்ற 24 மாதங்களுக்குள் தென்படும் குறைபாடுகளை மேம்பாட்டாளரே சரி செய்ய வேண்டும். இந்த விதிகளை அறிந்தவர், உரிம எண்ணைப் பார்க்காமல் முன்பணம் செலுத்தமாட்டார். சுவரில் விரிசல் கண்டால் எழுத்து மூலம் தெரிவிக்கவும் தயங்கமாட்டார்.

சட்டம் காக்க முடியாதவையும் சில உண்டு. தமிழ்ப்பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் எப்படிச் செல்வது, மழைக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பவற்றை விளம்பரத் தாள் சொல்லாது. அடுத்த தெருவில் ஏற்கெனவே குடியிருப்பவர் சொல்வார். பகலில் மாதிரி வீட்டைப் பார்ப்பவர், இரவில் ஒருமுறையும் கனமழை ஓய்ந்த பின் ஒருமுறையும் அதே இடத்திற்குச் சென்று வருவது நல்லது.

பிறையில் வீடமைப்புக்கு வாய்ப்பு இருக்கிறது. வேலை இருக்கிறது, பாலம் இருக்கிறது, வீடு தேடும் இளம் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் சம்பளத்திற்கு எட்டும் விலையில், தண்ணீர் தேங்காத நிலத்தில், தேவைக்கேற்ற எண்ணிக்கையில் எழும் வீடுகளில் மாலையில் விளக்கு எரியும்.