காது நோவும் கத்தியின் எல்லையும்

காது நோகிறதென்று வீட்டில் முதியவரொருவர் முறையிட்டால், உள்ளி இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் இரண்டு துளி விட்டு, "விடிந்தால் சுகமாகிவிடும்" என்று நாம் ஆறுதல் கூறுவது வழக்கம். சிறு நோவுகள் பல தாமாகவே மாறிவிடுவதால் எண்ணெய்க்கு நற்பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அம்முதியவர் நீரிழிவு நோயாளராயின், நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

செவிக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பாலானது. அதில் இயற்கையாகவே நுண்ணிய பிளவுகள் உள. நீரிழிவினால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடத்து, சூடோமோனஸ் என்னும் கிருமி அப்பிளவுகளின் வழியே இறங்கி, மூளையைத் தாங்கும் மண்டையோட்டின் அடித்தள எலும்பைப் பற்றுகிறது. மூளையோடு இணைந்த 12 சோடி நரம்புகளும் அத்தளத்தின் துவாரங்களினூடாகவே செல்கின்றன. பெரும்பாலும் முதலில் ஏழாம் நரம்பு தாக்கப்பட, முகம் ஒருபுறம் கோணுகிறது. கண் மூட மறுக்கிறது. நோய் மேலும் பரவின் 9ஆம், 10ஆம் நரம்புகள் கெட்டு, விழுங்குதலும் பேசுதலும் இடர்ப்படுகின்றன.

1968இல் சான்ட்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் 13 நோயாளரை ஆராய்ந்து, இதனைக் 'கொடிய புறச்செவி அழற்சி' என்றார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். இது புற்றுநோயன்று, கொடுமையினாற் பெற்ற பெயர்.

கெட்ட எலும்பை வெட்டியெறிந்தால் தீராதோ என வாசகர் வினவலாம். முன்னைய சத்திர வைத்தியர்கள் அவ்வாறே முயன்றனர். ஆயின் நோயுற்ற எலும்பு எங்கே முடிகிறது, நல்ல எலும்பு எங்கே தொடங்குகிறது என்பது கத்திக்குப் புலப்படவில்லை. நரம்புகளும் இரத்தக்குழாய்களும் நெருங்கிய அவ்விடத்தில் அகல வெட்டுதலும் எளிதன்று. ஆகவே இன்று நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்குமே முதலிடம். மருந்து பொதுவாக 6 வாரமோ அதற்கு மேலுமோ தொடரவேண்டும். எனினும் கத்தி ஓய்வு பெற்றுவிடவில்லை. புற்றுநோயோ என்ற ஐயத்தைத் தீர்க்கவும் கிருமியை இனங்காணவும் சிறு தசைத்துண்டு எடுத்தல், சீழை வடித்தல், இறந்த எலும்பை அகற்றுதல் ஆகியன அதன் பணிகள்.

நோய் தீர்ந்த பின்னரும், கோணிய முகம் முற்றாக நேராகுமென எவரும் உறுதி கூறார். ஆதலால் காலத்தே கண்டறிதலே பெரும் சிகிச்சை. நீரிழிவுள்ள பெரியோருக்கு இரவுறக்கத்தைக் கெடுக்கும் காது நோவும் வற்றாத கசிவும் தோன்றின், எண்ணெய்க் கிண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அன்றே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோமாக.